அவுக சொன்னது, அம்புட்டுத்தான்

அக்கா பேனா மூடியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். "தலைவரு சொன்னது" என்பார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் தலைவருடைய வார்த்தை. இருமல், ஏப்பம், வசவு எதையும் விடமாட்டார். முடிந்ததும் மூடியால் இன்னொரு தட்டு. "அம்புட்டுத்தான்." இந்த இரண்டு தட்டுக்கும் நடுவே வந்த எதற்கும் அவர் பொறுப்பில்லை. அதற்கு வெளியே அவர் பேசிக் கேட்டவர்கள் எங்கள் ஆபீஸில் ரொம்பக் கம்மி.

கம்பத்தில் ஒரு திராட்சை விவசாயிகள் சங்கம். அங்கே கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற வேலை அந்த அக்காவுக்கு. ராயப்பன்பட்டிக்காரர். கணவர் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டினார். அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "யாரக் கேட்டு எழுதுனீக?" என்று கேட்பார், பதில் என்னிடம் இல்லை.

நான் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த சாஃப்ட்வேரை எழுதியவன். சென்னையில் ஏழு வருஷம் கம்பெனி கம்பெனியாகக் குப்பை கொட்டிவிட்டு, போதுமடா சாமி என்று ஊர் திரும்பியிருந்தேன். சங்கம்தான் முதல் பெரிய வேலை. மூன்று மாதம் சோதனை ஓட்டம். ஒழுங்காக முடிந்தால் ஐந்து வருஷ ஒப்பந்தம், இல்லாவிட்டால் மறுபடியும் சென்னை. மகளைக் கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. "இன்னொருக்கா பொட்டி கட்டச் சொன்னீக, பொட்டிக்குள்ள ஒங்களத்தான் வச்சுக் கட்டுவேன்" என்று என் மனைவி சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. ஆக அந்த மூன்று மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவை முதலில் நான் ஒரு பைத்தியம் என்றுதான் நினைத்தேன். காரணம் ஒரு அறிவிப்பு. எங்கள் தலைவர் நல்ல மனிதர், ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்து, அச்செடுத்து, வாசல் பலகையில் ஒட்டிவிட்டார். அதில் இருந்தது இது: "அனைத்து உறுப்பினர்களுக்கும் அறிவிப்பு. வருகிற வெள்ளிக்கிழமை இந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது காலை பத்து மணிக்கு மருந்து தெளிப்பது பற்றி ஏலே டீ என்னாச்சு அதிகாரி வந்து விளக்கம் அளிப்பார் அவனுக்கு என்னத்தத் தெரியும் அனைவரும் தவறாமல் வரவும்."

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி, பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தலைவர் குதித்தார்.

"ஏத்தா, எத அடிக்கணும் எத அடிக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னீக, நான் அடிச்சேன். இதுல எது ஒங்க வார்த்த இல்லன்னு காட்டுங்க, அழிச்சுடுறேன்."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எல்லாம் அவர் வார்த்தைதான். அன்றைக்கு வந்த கூட்டம் மாதிரி அதற்கு முன்னும் பின்னும் எந்த மருந்து விளக்கத்துக்கும் வந்ததில்லை. அவனுக்கு என்னத்தத் தெரியும் என்று பார்க்கவே ஜனங்கள் வந்திருந்தார்கள்.

அவ்வளவு குதித்தும் தலைவர் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. தலைவருக்கும் செயலாளருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதோ போர்வெல் விவகாரம். இருவர் மேசையும் நாலடி தள்ளி. ஒருவர் தும்மினால் மற்றவர் காகிதம் பறக்கும். ஆனால் நேரடியாக ஒரு சொல் கிடையாது. நடுவில் அக்கா. மற்ற யாரைத் தூது விட்டாலும் கொஞ்சம் சர்க்கரை போடுவார்கள், அல்லது கொஞ்சம் மிளகாய்ப்பொடி. அக்காவிடம் இரண்டும் கிடையாது.

டொக். "தலைவரு சொன்னது. 'அந்த மூதேவி கிட்டச் சொல்லு, தீர்மானத்துல கையெழுத்துப் போடாம அவன் எங்கயும் போக முடியாது.'" டொக். "அம்புட்டுத்தான்."

"இவரு பெரிய இவரு! போட மாட்டேன்னு சொல்லுத்தா."

அக்கா திரும்புவார். டொக். "செயலாளரு சொன்னது. 'இவரு பெரிய இவரு போட மாட்டேன்னு சொல்லுத்தா.'" டொக்.

"அந்த 'சொல்லுத்தா'வ ஏன்க்கா சேத்துச் சொல்றீங்க? அது உங்களுக்குச் சொன்னது" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அவுக வாயில இருந்து வந்ததுதான தம்பி? இது எனக்கு, இது அவுகளுக்குன்னு நான் பிரிச்சா, அப்பறம் அது என் சரக்கு ஆயிரும். அவுக வார்த்த அவுகளுது. ஒறைக்குள்ள வச்சுத்தான் குடுப்பேன்."

அந்த ஆபீஸில் அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான சொந்தப் பேச்சு அதுதான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டிலும் இப்படியா என்று கேட்டால், வீட்டில் இதைவிட மோசம். ஒருநாள் டீக்குடிக்கும்போது சொன்னார். டொக். "எங்கத்த சொன்னது. 'நான் போயி முல்லையாத்துல விழுந்துருவேன்டி.' அப்பறம், 'கொழம்புல உப்புப் பத்தல.'" டொக். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். எதை முதலில் கவனித்தீர்கள் என்று பதறிப்போய்க் கேட்டேன். உப்பைத்தான் போட்டாராம். "அது செய்யச் சொன்ன மாதிரி இருந்துச்சு. மத்தது சும்மா சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார். மாமியார் அன்று மத்தியானம் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்.

மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், மாமியாரிடம் என்ன பேசினோம் என்பதை வார்த்தை மாறாமல் ஒப்பித்திருக்கிறார். கூண்டுக்குள்ளிருந்த சாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அர்த்தத்த மட்டும் சொல்லும்மா, போதும்" என்றிருக்கிறார். "அர்த்தம் நானாப் போடுறது சாமி. பேசுனது இதுதான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். இதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. டீயில் படிந்த ஆடையைக் கரண்டியால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குடித்தார்.

சரி, கதைக்கு வருவோம். சங்கத்தில் காலமானவர்களுக்கு என்று ஒரு பேரேடு உண்டு. உறுப்பினர் ஒருவர் போய்விட்டால் வாரிசுக்குப் பெயர் மாற்ற வேண்டுமே, அதற்காக. அந்தப் பேரேட்டில் ஒரு விசித்திரமான கட்டம் இருந்தது. சாவைச் சொல்ல வந்தவர் என்ன சொன்னாரோ, அதை அப்படியே இரண்டு மேற்கோள் குறிக்குள் எழுதி, ஒரு நீளக் கோடு போட்டு, சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். ஏன் இந்த வழக்கம் என்றால், எப்போதோ ஒருத்தர் உயிரோடிருந்த அண்ணனைச் செத்துவிட்டார் என்று சொல்லித் தோட்டத்தைத் தன் பெயருக்கு மாற்றப் பார்த்தாராம். அண்ணன் நேரில் வந்து நின்று ஆபீஸையே கலக்கிவிட்டார். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று தம்பி சாதித்தார். இனிமேல் உயிரோடு இருப்பவர் யாரும் சங்கத்தில் சாகக் கூடாது என்பதற்காக அன்றைக்குப் போட்ட ஏற்பாடு இது. அக்காவுக்கு அந்த ஆபீஸிலேயே பிடித்த இடம் அந்தக் கட்டம்தான் என்று நினைக்கிறேன்.

நான் அந்தப் பேரேட்டையும் சாஃப்ட்வேருக்குள் கொண்டுவந்தேன். சாஃப்ட்வேர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, பட்டியலுக்குப் போடுகிற கட்டளைதான். 'காலமானவர் என்று மாற்று. குறிப்பில் இன்னதை எழுது. இன்ன உறுப்பினர் எண்ணுக்கு மட்டும் இதைச் செய்.' குறிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காக முன்னே ஒரு மேற்கோள் குறி, பின்னே ஒரு மேற்கோள் குறி. அக்கா அடிக்கிற வார்த்தையை அப்படியே எடுத்து அந்த இரண்டு குறிக்கும் நடுவே ஒட்டும்படி எழுதியிருந்தேன். அவசரக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஒட்டுகிற வார்த்தைக்குள்ளேயே ஒரு குறி இருந்துவிட்டால், இயந்திரம் குறிப்பு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். மிச்ச வார்த்தையையும் கட்டளை என்று எண்ணித் திணறும்.

முதலில் திணறியது ஒரு நாற்றுப்பண்ணைப் பெயரால். "தம்பி, இங்கன செவப்பாத் திட்டுது" என்று அக்கா கூப்பிட்டார். ஜோதி'ஸ் நாற்றங்கால் என்று முகவரியில் அடித்திருந்தார். நடுவில் தொங்கிய அந்த ஒற்றைக் குறிதான் வினை.

டீ வந்திருந்தது. நின்றுகொண்டே ஒரு வரி சேர்த்தேன்: மேற்கோள் குறியைக் கண்டால் எடுத்துவிடு. நான் எழுதிய விதத்தில் அந்த வரி முதலில் வருகிற ஒரு குறியை மட்டும்தான் எடுக்கும். எல்லாவற்றையும் எடுக்க இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நாற்றங்கால் பதிவானது, சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"குறிய எடுத்துட்டீக" என்றார் அக்கா.

"ஆமாக்கா. இனிமே திட்டாது."

"அது அவுக போர்டுல எழுதி வச்ச பேரு. அதுல கை வைக்கச் சொல்லி நமக்கு யாரு சொன்னா?"

"ஒரு சின்னக் குறி, அதுக்குப் போயி..."

"சரி. ரெண்டு குறி இருந்தா?"

"எவன்க்கா ரெண்டு போடப் போறான்?"

"காலமானவுக பேரேட்டுல எல்லாத்துலயும் ரெண்டு இருக்கே தம்பி."

எனக்குச் சுள்ளென்று வந்தது. பத்தாயிரம் வேலை கிடக்கிறது, இவர் குறி எண்ணிக்கொண்டிருக்கிறார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா. யாராச்சும் செத்தாத்தான அந்தப் பிரச்சனை? நீங்க பாட்டுக்கு அடிங்க" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இந்தப் பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. மறக்க முயன்று பார்த்துவிட்டேன்.

அடுத்த நாலு வாரம் சங்கத்தில் யாரும் சாகவில்லை. எல்லாருக்கும் அப்படியொரு ஆரோக்கியம். சோதனை ஓட்டம் முடிய மூன்று நாள் இருந்தபோது தேவாரத்தில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். அவர் மகன் ஒரு காலை பதினொரு மணிக்கு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அக்கா முன்னால் நின்றார். "அப்பா நிம்மதியாப் போனாக" என்றார்.

அக்கா அதை அடித்தார். திறக்கும் குறி, வார்த்தை, மூடும் குறி. அதன் பிறகு நீளக் கோடு. கையால் எழுதுகிற பேரேட்டில் நீளக் கோடு போடலாம். கீபோர்டில் இருப்பதோ குட்டைக் கோடு. அதனால் இரண்டு குட்டைக் கோடு சேர்த்துப் போட்டார். பிறகு 'மகன்' என்று அடித்து, பொத்தானை அமுக்கினார்.

நான் எழுதிய ஒற்றை வரி, திறக்கும் குறியை எடுத்துவிட்டது. மூடும் குறி இருந்த இடத்திலேயே இருந்தது. குறிப்பு அதோடு முடிந்தது என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது. அடுத்து வந்தது இரண்டு கோடு. இயந்திரத்தின் மொழியில் சேர்ந்தாற்போல் இரண்டு கோடு வந்தால், 'இதற்குப் பின்னால் எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளாதே' என்று பொருள். அதற்குப் பின்னால் எழுதியிருந்தது 'இன்ன உறுப்பினர் எண்ணுக்கு மட்டும்' என்பது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. ஆக, ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்களும் ஒரே விநாடியில் காலமானார்கள். எல்லார் குறிப்பிலும் 'அப்பா நிம்மதியாப் போனாக'.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. காலமானவர் பதிவில் இருக்கிற நம்பருக்கு, பெயரும் குறிப்பும் சேர்த்து, சங்கத்திலிருந்து தானாகவே இரங்கல் எஸ்.எம்.எஸ். போகும்படி செய்திருந்தேன். அதுவும் என் மூளைதான். தலைவர் அதற்காக முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்.

முதலில் தலைவரின் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். தான் போய்விட்டதையும், நிம்மதியாகப் போனதையும் படித்தார். அதற்குள் செயலாளரின் போன். அவரும் படித்தார். இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

"நீயுமாய்யா?" என்றார் தலைவர்.

"ஆமாண்ணே" என்றார் செயலாளர்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேரில் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. அக்கா தட்டுவதற்காகத் தூக்கிய மூடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

பன்னிரண்டு மணிக்குள் செத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். மருந்து டேங்கை முதுகில் மாட்டியபடியே ஒருத்தர். குலை வெட்டுகிற கத்தரிக்கோலோடு ஒருத்தர். ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தி வந்திருக்கிறது. அவர் மனைவி போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க" என்று அனுப்பியிருக்கிறார். ஒருவருடைய மகன் குமுளி மலைக்கு மேலேயிருந்து அழுதுகொண்டே ஜீப்பில் வந்து, அப்பாவை வாசலில் பார்த்ததும் கட்டிப்பிடிப்பதற்குப் பதிலாக ஓங்கி ஒரு திட்டுத் திட்டினார். ஒரு மச்சினன் மாலையோடு வந்துவிட்டார். வாங்கியதைத் திருப்பித் தர முடியாது என்று பூக்கடையில் சொல்லிவிட்டதால், போடத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஐம்பது வயதான ஒரு பிரம்மச்சாரிக்குத் தான் செத்ததில் ஆட்சேபமே இல்லை. "அப்பா போனாகன்னு போட்டிருக்கே, அது எப்படிப் போடலாம்? எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காக" என்று என் சட்டையைப் பிடித்தார்.

இதற்கெல்லாம் நடுவே தேவாரத்துப் பெரியவரின் மகன் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அங்கே நிஜமாகவே அப்பாவைப் பறிகொடுத்தவர் அவர் ஒருத்தர்தான். அவரை யாரும் கவனிக்கவில்லை. அக்கா எழுந்துபோய்த் தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார்.

போன வாரம் எடுத்துவைத்த பதிவுகளின் பிரதி என்னிடம் இருந்தது. "ஒரு மணி நேரத்துல எல்லாரையும் மீட்டுருவேன்" என்றேன். கூட்டத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. உடனே அவசரக் கூட்டம் போட வேண்டும் என்றார்கள். செயலாளர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். ரெக்கார்டுப்படி உயிரோடிருக்கிற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை, ஆகவே கூட்டத்துக்குப் போதிய ஆள் இல்லை, கூட்டம் செல்லாது என்றார். "இத்தன பேரு நிக்கிறோம், கண்ணு தெரியலையா?" என்று சத்தம் எழுந்தது. "நிக்கிறீக. ரெக்கார்டுல இல்லையே" என்றார். கடைசியில், செத்தவர்கள் எல்லாரும் தாங்கள் சாகவில்லை என்று தனித்தனியே எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரலாம் என்று முடிவாயிற்று. தாள் தீர்ந்துபோய் எதிர்க் கடையில் வாங்கி வந்தார்கள். கூட்டம் ஆரம்பிக்க மணி இரண்டாகிவிட்டது.

இனிச் சொல்லப் போவதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. சொல்லாமலும் இருக்க முடியாது.

தலைவர் என்னைப் பார்த்து, "என்னப்பா நடந்துச்சு?" என்றார். ஒப்பந்தக் காகிதம் அவர் மேசையிலேயே, கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்தது. என் மகளின் பள்ளிக்கூடச் சீருடை, என் மனைவியின் பெட்டி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"அடிக்கையில குறி, கோடு எல்லாம் சேர்ந்து விழுந்துருச்சு. அதான்" என்றேன்.

"யாரு அடிச்சது?"

"அக்காதான் அடிச்சாங்க."

கவனியுங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று ராத்திரியெல்லாம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜமான வார்த்தைகளை வைத்துக்கொண்டே எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் செய்யலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீதான் அடிச்சியா?"

"ஆமா. நாந்தான் அடிச்சேன்."

"வேற எதுவும் சொல்லணுமா?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். அந்த நாலு வாரத்துக்கு முந்தைய பேச்சை, என் குரலில், என் எரிச்சலோடு, டீயை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனதுவரை ஒப்பிக்க அவரால் முடியும். ஊரார் வார்த்தையையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் சொன்னவர் அவர். எப்போது அந்தப் பேனா மூடி மேசையில் விழும் என்று நான் காத்திருந்தேன். விழவில்லை. "இல்ல" என்றார்.

அன்றோடு அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவாயிற்று. எனக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஆயிரத்துச் சொச்சம் பேரை ஒரு மணி நேரத்தில் உயிர்ப்பித்ததற்காகக் கைகூடத் தட்டினார்கள். மாலை மிச்சம் இருந்ததால் அதை எனக்குப் போட்டார்கள்.

கோளாறை அடுத்த நாளே சரிசெய்தேன். இருபது நிமிஷ வேலை. கட்டளையில் வார்த்தை வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு இடம் விட வேண்டும். வார்த்தையை அதன் பிறகு தனியாகக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் அந்த வார்த்தைக்குள் எத்தனை குறி, எத்தனை கோடு இருந்தாலும், 'எல்லாரையும் கொன்றுபோடு' என்றே இருந்தாலும், அது யாரோ சொன்ன சொல்லாக மட்டும் பதிவாகும். இயந்திரம் அதற்குக் கீழ்ப்படியாது. இது எனக்குத் தெரியாத வித்தை இல்லை, முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தது. சோம்பேறித்தனம்தான் வேறென்ன! இயந்திரத்துக்கு இதைச் செய்யத் தெரியும் என்றால், அந்த அக்காவுக்குப் பிறவியிலேயே தெரிந்திருந்தது. அவரை நான் பைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

தலைவரும் செயலாளரும் அதன் பிறகு நேராகவே பேசிக்கொண்டார்கள். அந்த வகையிலும் அக்காவின் தேவை இல்லாமல் போயிற்று. யாரும் அவரைப் பற்றி விசாரிக்கவில்லை. நானும் ராயப்பன்பட்டிப் பக்கம் போகிற வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் செய்தேன்.

ஒப்பந்தம் முடிந்து இரண்டாம் தடவை புதுப்பித்த பிறகு, போன மாசி மாதம், பட்டாவில் அப்பா பெயர் தப்பாக இருப்பதைத் திருத்த உத்தமபாளையம் போயிருந்தேன். தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் மனு அடித்துக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "கடைசியில இருக்கிற அந்தம்மாகிட்டப் போங்க, அவுக அடிச்ச மனுவ ஆபீசருங்க கடைசி வரைக்கும் படிக்கிறாக" என்று ஒருவர் கைகாட்டினார். போனேன். லேப்டாப், பேட்டரி, ஒரு சின்ன பிரிண்டர். அக்கா ஒரு கிழவரின் புகாரை அடித்துக்கொண்டிருந்தார். கிழவர் பக்கத்துத் தோட்டக்காரனைத் திட்டத் திட்ட, அத்தனையும் மேற்கோள் குறிக்குள் போய்க்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. "வாங்க தம்பி. இங்கன உக்காருங்க" என்றார். கிழவரின் மனுவை முடித்து, அவருக்கே ஒருமுறை வாசித்துக்காட்டி, அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க. அடிக்கிறேன்."

"மனு கெடக்கட்டும்க்கா" என்றேன். "அன்னைக்கு ஏன்க்கா ஒண்ணும் சொல்லல? ரெண்டு குறி வந்தா என்ன ஆகும்னு நாலு வாரம் முன்னாடியே கேட்டேன், அவன்தான் விடச் சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா போதுமே."

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்."

கீபோர்டில் விழுந்த ஒரு வேப்பிலையைத் தட்டிவிட்டார்.

"கூட்டம் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல நின்னேன். பின்னாடியே வருவீக, வந்து கூட்டிட்டுப் போயி அவுககிட்டச் சொல்லுவீகன்னு நெனச்சேன். நாலு மணி பஸ்ஸ விட்டேன். நாலரை பஸ்ஸயும் விட்டேன். அஞ்சு மணி பஸ்ஸுல ஏறிட்டேன் தம்பி."